அக்கா கால்சியத்தை நிறுத்தினாள்

தையல் கடையில் என் அக்காவுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். அளவுத் தகராறு இல்லாமல் அந்தக் கடையில் ஒரு நாளும் விடியாது. சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் முறைப்பார். துணி கொடுத்தபோது இருந்த வயிறு இது இல்லை என்று சொல்ல வாய் வராமல் மாஸ்டர் விழிப்பார். அக்கா கையில் இருக்கும் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்து, டேப்பை வாங்கி ஒரே ஒரு முறை அளப்பாள். "சட்டை மேல தப்பு இல்ல சார். ஆனா ரெண்டு பேர்ல யாராவது விட்டுக்கொடுக்கணும். நீங்க கொடுக்க மாட்டீங்க, சட்டையே கொடுக்கட்டும்." அவர் சிரித்துவிடுவார். மாஸ்டர் இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுத்துவிடுவார்.

தீர்ப்புச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்ததே மெஷினில் இருந்து எழுப்பப்பட்டதால்தான். அதற்கு முன்பு ஜன்னலோரம் இருக்கும் இரண்டாவது மெஷின் அவளுடையது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போனவள், மற்றவர்கள் ஒரு காலர் வைப்பதற்குள் சட்டையையே முடித்து மடித்துவிடுவாள். ஒரு மத்தியானம் தைத்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தது. கால் மிதியை விட்டு எடுபடவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ஊசி ஆள்காட்டி விரலைத் துளைத்து நகத்தில் முறிந்தது. மாஸ்டர் கெட்டவர் இல்லை. உன் கை போனால் உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டார். அன்றிலிருந்து அவளுக்குக் கைவேலைதான். பட்டன் துளையைச் சுற்றி நூல் கட்டும் காஜா வேலை, பட்டன் வைப்பது, பேண்ட் ஓரம் மடித்துத் தைப்பது. வலிப்பு நிற்கட்டும், மெஷின் எங்கேயும் போகாது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அக்கா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தாள். கல்யாணம், காட்சி, வேறு ஊர் எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த மெஷின் வேண்டும்.

எங்கள் வீட்டில் வலிப்பை வலிப்பு என்று சொல்வதில்லை. அக்காதான் அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தாள். மயக்கம் தெளிந்து, உதட்டு ஓரம் துடைக்கப்பட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவள் முதலில் கேட்பது, "விருந்தாளி ரொம்ப நேரம் இருந்தாரா?" என்பதுதான். அம்மா பள்ளிக்கூடம் ஒன்றில் தரை கூட்டித் துடைக்கும் வேலை செய்பவர். அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாட்களை விட இல்லாத நாட்கள்தான் அதிகம். அதனால் அக்காவைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைப்பது, தலைக்கு அடியில் துணி வைப்பது எல்லாம் சின்ன வயதிலேயே எனக்குப் பழகிவிட்டது. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். என்ன படிக்கலாம் என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை.

மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு இடம் கிடைத்தபோது அம்மா தன்னுடன் வேலை செய்யும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. சின்னவள் அக்காவுக்கு மருந்து கண்டுபிடிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்.

நான் அங்கே செய்வது இதுதான். எலியின் மூளையை மெல்லிய சீவல்களாகச் சீவி, ஆக்சிஜன் கொப்பளிக்கும் திரவத்தில் வைத்து உயிரோடு காப்போம். மூளை என்றால் நரம்பு செல்கள் என்றுதான் பள்ளியில் படித்தோம். அவற்றுக்கு நடுவே ஆஸ்ட்ரோசைட் என்று இன்னொரு வகை செல்களும் ஏராளமாக இருக்கின்றன. நாலா பக்கமும் கை நீட்டிய நட்சத்திரம் போல இருக்கும். நரம்புகளுக்கு உணவு கொடுப்பது, அவை கொட்டிவிட்டுப் போகிற ரசாயனங்களைக் கூட்டி அள்ளுவது எல்லாம் அவைதான். சும்மா கூட்டிப் பெருக்குவதோடு அவை நிற்பதில்லை என்று இப்போது தெரிகிறது. ஒரு நட்சத்திர செல்லுக்குள் கால்சியம் திடீரென்று ஏறும். ஏறியது பக்கத்து செல்லுக்குப் பரவும், அங்கிருந்து அடுத்ததற்கு. அப்படி ஏறும்போது அவை விடும் ரசாயனம் சுற்றியிருக்கும் நரம்புகளை ஒரே நேரத்தில் உசுப்பிவிடலாம். எல்லா நரம்பும் ஒன்றாகக் கத்தினால் அதுதான் வலிப்பு. கால்சியம் ஏறும்போது ஒளிரும் சாயத்தைச் சீவலில் ஏற்றி, இருட்டறையில் மைக்ரோஸ்கோப் வழியாகப் படம் பிடிப்பது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமைதான் விடுதியிலிருந்து வீட்டுக்கு வருவேன். அப்படி ஒரு ஞாயிறு, அக்கா தரையில் உட்கார்ந்து யாருடைய பேண்டுக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். போனில் இருந்த ஒரு வீடியோ படத்தை அவளுக்குக் காட்டினேன். கருப்புத் திரையில் மங்கலான பச்சைப் புள்ளிகள். இதில் நரம்பு எங்கே என்று கேட்டாள். நரம்பு தெரியாது, இவை பக்கத்தில் இருக்கும் செல்கள் என்று சொல்லி அவற்றின் வேலையை விவரித்தேன்.

"சோறு போடுறது, கொட்டினதை அள்ளுறது. அப்போ நம்ம அம்மான்னு சொல்லு."

அடுப்பு முன்னால் நின்ற அம்மா, தன்னை எதற்கு இழுக்கிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் திரையில் ஓரத்தில் இருந்த ஒரு செல் பளிச்சென்று எரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஊர்வம்பு வாய் மாறிப் போவது போல ஒளி ஒவ்வொன்றாகத் தாவிக்கொண்டு போக, நரம்புகளின் மின்துடிப்பைக் காட்டிக் கீழே ஓடிய கோடு நடுங்கி, பிறகு குத்துக் குத்தாக எழும்பியது.

"இதுதான் அதுவா?"

ஆமாம் என்றேன். அவள் மறுபடி போடச் சொன்னாள். மறுபடி. ஊசியில் நூல் அப்படியே தொங்கியது. அக்காவின் வலிப்பை எங்கள் தெருவில் பார்க்காதவர் இல்லை. கடையில் பார்த்திருக்கிறார்கள், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூடப் பார்த்திருக்கிறார்கள். பார்க்காதவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அது முடிந்த பிறகு மற்றவர்களின் முகம். அன்றைக்குத்தான் முதல் முறையாக, எலியுடையதாகவே இருந்தாலும், விருந்தாளியை நேரில் பார்த்தாள். நான் ஏன் அதை அப்போது யோசிக்கவில்லை? ஒரு படம் காட்டுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கால்சியத்தைக் கட்டிப்போட்டுட்டா?"

அப்படியும் செய்து பார்க்கிறோம் என்றேன். நட்சத்திர செல்லுக்குள் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஒரு ரசாயனத்தைச் செலுத்தினால், சில சீவல்களில் வலிப்பு சிறுத்துவிடுகிறது. சில என்று சொன்னேன், அது நிச்சயம். கால்சியம் முதலில் ஏறி வலிப்பைக் கிளப்புகிறதா, வலிப்பு வந்ததால் கால்சியம் ஏறுகிறதா என்பது இன்னும் யாருக்கும் தீர்மானமாகத் தெரியாது என்பதையும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படத்தில் ஒளி முதலில் எரிகிறது, கோடு பிறகுதான் குதிக்கிறது. கண்ணால் பார்த்தவளுக்கு என் "தெரியாது" எந்த மூலைக்கு?

அக்கா பல வருடமாகச் சாப்பிட்டுவந்த வலிப்பு மாத்திரை பழைய காலத்து மருந்து. புதியவை இரண்டு மூன்று கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளாமல் டாக்டர் இதற்கே திரும்பிவிட்டார். அது நாளாக நாளாக உடம்பின் வைட்டமின் டியைக் கரைத்து எலும்பை மெலிய வைக்கும். அதற்கு ஈடாகக் கால்சியம் மாத்திரையும் வைட்டமினும் எழுதிக்கொடுத்திருந்தார். இரண்டும் எங்கள் வீட்டில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தன. அந்த ஞாயிறு நான் விடுதிக்குத் திரும்பியதும் அக்கா கால்சியத்தை நிறுத்தினாள். அதை உடம்பில் சேர்த்துவிடுவதற்குத்தானே வைட்டமின் என்று அதையும் நிறுத்தினாள். பால், தயிர், முட்டை, முள்ளோடு தின்னும் சின்ன மீன் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின. வலிப்பு மாத்திரையை மட்டும் விடவில்லை. அதில் அவள் கவனமாகத்தான் இருந்தாள்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒளித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். குணமான பிறகு சொல்லி என்னை அசத்தலாம் என்று அம்மாவும் அக்காவும் பேசிவைத்திருந்தார்கள். எனக்கு வெறும் டீ வந்தபோது பால் எங்கே என்று கேட்டேன். வயிறு உப்புசம், விட்டுவிட்டேன் என்றாள் அக்கா. சரி என்று குடித்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை, விருந்தாளி வரவில்லை. அவர் சில சமயம் அப்படித்தான். மாதக்கணக்கில் வராமல் இருந்துவிட்டு, மறந்துபோகும் நேரத்தில் வருவார். அந்த இடைவெளி இந்த முறை சரியாக அவள் கால்சியம் மாத்திரையை விட்ட பிறகு விழுந்தது. வீட்டின் போக்கே மாறிவிட்டது. குளியலறைக் கதவை அக்கா தாழ்போடவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு ஞாயிறு நான் போனபோது உள்ளே தாழ்போட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அம்மா கதவுக்கு வெளியே நின்று, பயப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "குரல் மட்டும் இன்னும் குணமாகல" என்றார்.

மாஸ்டரும் பார்த்தார். டாக்டரைக் கேட்டுக்கொண்டாயா என்று விசாரித்தார். வீட்டிலேயே ஆள் இருக்கிறாள் என்று அக்கா என்னைச் சொல்லியிருக்கிறாள். தலையணை உறை, திரைச்சீலை என்று நேர்தையலாகக் கொடுத்து அவளை ஜன்னலோர மெஷினில் உட்காரவைத்தார். அந்த வாரம் நான் வந்ததும் அவள் ஒரு திரைச்சீலைத் துண்டை என் மடியில் போட்டு, தையலைப் பார் என்றாள். எனக்குத் தையல் தெரியாது. நூல் பிடித்தது போல நேராக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. விருந்தாளி வழி தெரியாமல் வேறு வீட்டுக்குப் போய்விட்டார் போல என்று சொன்னேன். "அந்த வீட்டுக்காரங்க பாவம்" என்றாள்.

கொஞ்ச நாளில் அவள் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாள். பிறகு கை சுண்டி இழுத்தது. கட்டைவிரல் உள்ளே மடங்க, மற்ற விரல்கள் ஒன்றாகச் சேர்ந்து பறவையின் அலகு போலக் குவிந்துகொள்ளும். ரொம்ப நாள் கழித்து மெஷினில் உட்கார்ந்த அலுப்பு என்று அவள் எண்ணெய் தடவிக்கொண்டாள். மெஷின் உன்னை மறந்துவிட்டது, மறுபடி பழகட்டும் என்று மாஸ்டர் கேலி செய்தார். நானும் அந்தக் கையை ஒரு ஞாயிறு மத்தியானம் பிடித்து நீவிவிட்டேன். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் கை இப்படித்தான் குவியும் என்பது நான் படித்துத் தேறிய பாடம். பாடத்தில் இருக்கும் கையும் அக்காவின் கையும் ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படிப்பு என்பது பிறகு எதற்கு?

விருந்தாளி கடையில்தான் வந்தார். இந்த முறை ஒருவர் இல்லை. ஒன்று முடிந்து கண் திறப்பதற்குள் அடுத்தது. ஸ்டூலிலிருந்து சரிந்து, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்ததில் வலது தோளுக்குக் கீழே எலும்பு நொறுங்கியது. மெலிந்த எலும்பு, நல்ல எலும்பாக இருந்திருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். மாஸ்டரே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

நான் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து அப்படியே ஓடினேன். அவசரப் பிரிவு டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, கால்சியம் மிக மோசமாக இறங்கியிருக்கிறது, மாத்திரை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், அதை நிறுத்தியாச்சு" என்றார் அம்மா. "எங்க சின்னவதான் ஆராய்ச்சியில கண்டுபிடிச்சா. கால்சியம்தான் வலிப்பைத் தூண்டுதாம்."

சொல்லும்போது அவர் குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது. கழுத்தில் ஆராய்ச்சிக் கூடத்து அட்டை தொங்க நான் பக்கத்தில் நின்றேன். டாக்டர் அட்டையைப் படித்தார். திட்டியிருந்தால் தேவலை. நர்ஸிடம் திரும்பி, நரம்பில் ஏற்றக் கால்சியம் எடுத்துவரச் சொன்னார்.

அம்மாவுக்கு எப்படி விளக்குவது? நட்சத்திர செல்லுக்குள் ஏறும் கால்சியம் பெரும்பாலும் அந்தச் செல் தனக்குள்ளேயே சேர்த்துவைத்திருப்பது. பாலை நிறுத்தினால் அது குறையாது. இரத்தத்தில் ஓடுவது வேறு கணக்கு; அது இறங்கினால் நரம்புகள் தொட்டதற்கெல்லாம் துள்ளும், வலிப்பே வரும். எலி மூளைச் சீவலைக்கூட, கால்சியம் எடுத்துவிட்ட திரவத்தில் வைத்தால் அது தானாக வலிப்புக் கோடு போடும். சேர்ந்த புதிதில் அந்தத் திரவத்தை நானே கலக்கியிருக்கிறேன். இவ்வளவும் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து படம் காட்டியபோதும் தெரியும். கேட்காததால் சொல்லவில்லை. எது கேட்கப்படும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கால்சியம் ஏறியதும் அடுத்தடுத்து வந்தது நின்றது. தோளில் தகடு வைத்துத் தைத்தார்கள். வார்டில் கண் தெளிந்து படுத்திருந்த அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"எலிக்கு வேலை செஞ்சுதேடி."

"எலி இல்லக்கா. எலியோட மூளையில ஒரு சீவல்."

"அப்போ முழு எலிக்கே தெரியாது."

தெரியாது என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. நான் அழுததைப் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரர் என்னைத்தான் நோயாளி என்று நினைக்கப்போகிறார், மூக்கைத் துடை என்றாள்.

மாத்திரை, பால் எல்லாம் திரும்ப வந்தன. விருந்தாளியும் தன் பழைய வழக்கப்படி வந்துபோகத் தொடங்கினார். எலும்பு கூடியது, ஆனால் சரியாகக் கூடவில்லை. வலது கை மார்புக்கு மேல் எழும்புவதில்லை. உடைந்த இடத்தில் நரம்பும் நசுங்கியதால் விரல்களில் பிடி இல்லை. ஊசியை எடுத்தால் நழுவி விழும். காஜா வேலையும் போயிற்று. வேறு மருந்து உண்டா என்று பெரிய டாக்டரைக் கேட்டோம். இருப்பதில் எது ஒத்துக்கொள்ளுமோ அதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். எங்கள் பேராசிரியரிடம், முதலில் வருவது கால்சியமா வலிப்பா என்று மறுபடி கேட்டேன். எங்கள் சீவல்களில் முன்னால், வேறொரு கூடத்தின் சீவல்களில் பின்னால், இன்னொருவர் கணக்கில் இரண்டும் மாறி மாறி என்றார். நல்ல கேள்வி, ஒரு ஆயுளுக்குப் போதும் என்றார். அவர் உற்சாகமாகத்தான் சொன்னார். யாருடைய ஆயுள் என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிறு காலையில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வரப்போவதாக முதல் நாளே சொல்லியனுப்பியிருந்ததால் அக்கா இடது கையாலேயே தலை சீவி, நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவர் வாங்கிவந்த ஆப்பிள் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். நீ இல்லாமல் கடையில் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை, எல்லா வழக்கும் தோற்கிறேன் என்றார். பிறகு சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். ஜன்னலோர மெஷினுக்கு ஒரு பெண்ணைப் போட்டாகிவிட்டது. இத்தனை நாளும் போடாமல்தான் வைத்திருந்தார், வேலை தேங்கிவிட்டது.

அக்கா கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தடிச்ச துணின்னா மேல் நூலைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கச் சொல்லுங்க மாஸ்டர். இல்லன்னா அறுந்துக்கிட்டே இருக்கும். அந்தப் பொண்ணு தன் மேலதான் தப்புன்னு நினைச்சுக்கும்."

சொல்கிறேன் என்றார். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விடைபெற்றார். நான் அவரைத் தெருமுனை வரை கொண்டுவிட்டுத் திரும்பியபோது அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கத்தினார். அக்கா தரையில் கிடந்தாள். கண் மேலே செருகி, கழுத்து முறுக்கி, தாடை இறுகி. கெட்ட தோளில் படாமல் பக்கவாட்டில் திருப்பினோம். தலைக்கு அடியில் என் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தேன். அந்த நிமிடம் அவள் மண்டைக்குள் பச்சை ஒளி எங்கேயோ ஒரு செல்லில் எரிந்து, பக்கத்துக்குத் தாவி, தாவி, எங்கெல்லாம் போகிறது என்று என்னால் வரைந்து காட்ட முடியும். கையால் செய்ய முடிந்தது, எச்சிலைத் துடைப்பது.

அடங்கியதும் நெடுநேரம் தூங்கினாள். மத்தியானம் கண் விழித்து, அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். விருந்தாளியைப் பற்றிக் கேட்கவில்லை. தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கலைந்த முடியை இடது கையால் சரிசெய்தாள்.

"மாஸ்டர் வரேன்னு சொன்னாரே. வந்துட்டாரா?"

வலிப்புக்குச் சற்று முன் நடந்தது சில சமயம் அவள் நினைவில் பதியாமலே போய்விடும். அம்மா என்னைப் பார்த்தார். இன்னும் வரவில்லை என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவர் பார்வை கெஞ்சியது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு அரைகுறைப் பதிலை அவளுக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. வந்தார் என்றேன். மெஷினுக்கு வேறு பெண்ணைப் போட்டாகிவிட்டது என்றேன்.

காலையில் கேட்ட செய்தியை அவள் முதல் முறையாகக் கேட்டாள். அதே போலக் கொஞ்ச நேரம் தலையை ஆட்டினாள்.

"தடிச்ச துணின்னா மேல் நூலைத் தளர்த்தி வைக்கணும்" என்றாள். "யாராவது அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"